இருவர் பார்த்த பகல்

இருவர் சேர்ந்து ஒரு பொருளைப் பார்க்க முடியுமா என்ற சந்தேகம் சில மாதங்களாக என்னை விட்டு நீங்காமல் இருக்கிறது. ஒரே இடத்தில் நிற்கலாம், ஒரே திசையில் முகத்தைத் திருப்பலாம், ஒரே சமயத்தில் கண்ணைத் திறந்து வைத்திருக்கலாம். அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அப்படி நின்ற இருவரும் கண்டது ஒன்றுதானா, அல்லது அருகருகே நின்ற காரணத்தினாலேயே ஒன்று என்று நம்பிவிட்ட இரு வேறு காட்சிகளா என்பதை யார் நிச்சயமாகச் சொல்லக்கூடும்? நெடுங்காலம் இல்லறம் நடத்தியவர்களுக்கு இந்தக் கேள்வி எழ வேண்டிய அவசியமே இல்லை என்றுதான் நானும் இருந்தேன். விடுமுறைக்கு ஜப்பான் சென்றிருந்தபோது, ஆகஸ்டு மாதத்து உஷ்ணத்தில், நாரா நகரத்தில் நானும் என் மனைவியும் காலை முதல் மாலை வரை நடந்து கழித்த ஒரு பகலைப் பற்றி, ஊர் திரும்பிய பிறகு பேசிக்கொள்ளத் தொடங்கியதிலிருந்து அது எழுந்துவிட்டது. அவள் சொல்லும் பகல் நான் அறிந்த பகலாக இல்லை. நான் சொல்வதை அவள் மறுப்பதும் இல்லை, பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அப்படியா, அது எங்கேங்க இருந்துச்சு?" என்கிறாள். மறுத்திருந்தால்கூட இத்தனை கலக்கம் ஏற்பட்டிராது. மறுப்பதற்கேனும் இருவருக்கும் பொதுவான பொருள் ஒன்று வேண்டும் அல்லவா?

வெயிலைப் பொறுத்தமட்டில் எங்களுக்குள் அபிப்பிராய பேதம் இல்லை. சித்திரை வெயிலில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு உஷ்ணம் புதிதன்று. ஆயினும் எங்கள் ஊர் வெயில் மேலிருந்து அடிக்கும், ஒரு புளியமரத்தடியில் ஒதுங்கினால் விட்டுவிடும். நாராவோ மலைகள் சூழ்ந்த பள்ளம். கடற்காற்று அங்கே எட்டுவதில்லை. ஜூன், ஜூலை மழை விட்டுச்சென்ற ஈரமெல்லாம் அந்தப் பள்ளத்தில் தேங்கிச் சூடேறி, நிழலுக்குள்ளும் கூடவே வந்து உட்கார்ந்துகொள்கிறது. 35 டிகிரியும் அதற்கு மேலும் போகும் நாள்களுக்கு அந்நாட்டு வானிலைத் துறை 2007ஆம் ஆண்டில் தனிப்பெயரே வைத்தது. அன்றைய பகல் அந்த எல்லையை உச்சிப் பொழுதுக்கு முன்பே கடந்துவிட்டது. வியர்வை உலர மறுத்தது. சில்வண்டுகளின் இரைச்சல் மரத்துக்கு மரம் தொடர்ந்து, எங்கிருந்து வருகிறது என்று பிரித்தறிய முடியாதபடி காற்றோடு ஒன்றாகிவிட்டிருந்தது. அரிசித் தவிட்டில் செய்து அங்கே விற்கும் வட்டமான தட்டைகளுக்காக யாத்திரிகர்களைத் துரத்தித் துணியைப் பற்றி இழுக்கும் என்று நாங்கள் கேள்விப்பட்டிருந்த மான்கள், அன்று எவரையும் நாடி வராமல், சாலையோரத்து வடிகால்களிலும் கோயில் வாயிலின் தாழ்வாரத்திலும் கால்களை மடித்துப் படுத்து, காதுகளை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தன.

எங்களிடம் இருந்தது ஒரே குடை. அவளுடையது, இளநீல நிறம். சற்று உயரமானவன் என்பதால் நான் பிடித்துக்கொண்டேன். நான் அதை அவள் பக்கம் சாய்ப்பேன். இரண்டடி நடப்பதற்குள் அவள் கைப்பிடியை விரல் நுனியால் என் பக்கம் தள்ளிவிடுவாள். மறுபடியும் நான் சாய்ப்பேன். இவ்வாறு ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்துக்கொண்டே போனதில் குடை கடைசியில் எங்கள் நடுவே நேராக நிமிர்ந்து நின்றது; எனக்கு இடது தோளும் அவளுக்கு வலது தோளும் வெயிலில் நின்றன. இரவில் விடுதிக்குத் திரும்பிப் பார்த்தபோது அவளுடைய வலது கை முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை கறுத்திருந்தது, எனக்கு இடது கை. நிழலில் இருந்த கைகள் இரண்டும் ஒன்றையொன்று ஒட்டி நடந்தவை. ஆனால் ஒட்டியதும் தேகத்தின் சூடு தாங்காமல் உடனே விலகியவை. "களைப்பா இருக்கா?" என்று நான் கேட்டபோதெல்லாம் அவள், "இல்லைங்க, போலாம்" என்றாள். அவள் கேட்டபோது நானும் அதையே சொன்னேன். இருவரில் எவர் உண்மையாகவே போக விரும்பினார் என்பது இன்றுவரை தெளியவில்லை; இந்தத் தாட்சண்யத்தைப் பற்றித் தனியே யோசிக்க வேண்டும். உஷ்ணம் மனிதனை அவனவன் தோலுக்குள் அடைத்துவிடுகிறது என்பதை மட்டும் அன்று நான் மிகவும் அருகிலிருந்து கண்டேன். என் நெற்றியில் வழியும் வியர்வை என்னுடையது, அவள் முழங்காலில் குத்தும் வலி அவளுடையது என்பதில் எங்களில் எவருக்கும் சந்தேகம் எழவில்லை. அப்படியிருக்க, தேகத்தின் மற்ற அனுபவங்களையெல்லாம் அவரவருக்கென்று ஒப்புக்கொண்ட நாம், கண்ணின் அனுபவத்தை மட்டும் பொதுச்சொத்து என்று எந்த ஆதாரத்தைக் கொண்டு வைத்துக்கொண்டிருக்கிறோம்?

தோதாய்ஜி ஆலயத்தின் மகாபுத்தர் மண்டபத்துக்குள் நுழைந்தபோது, வெளிவெயிலில் கூசிப்போன கண்கள் இருளுக்குப் பழகச் சிறிது நேரம் பிடித்தது. எனக்கு முதலில் தெரிந்தது முகம் அன்று, அபயம் காட்டி உயர்த்திய வலது கை. அதன் நடுவிரல் மற்ற விரல்களிலிருந்து விலகிச் சற்றே முன்புறமாக வளைந்திருக்கிறது. பிறகுதான் அந்தக் கைக்கு மேலே, கிட்டத்தட்ட 15 மீட்டர் உயரத்தில் எழுந்திருக்கும் வைரோசன புத்தரின் வெண்கலத் திருமேனி கொஞ்சங்கொஞ்சமாகத் திரண்டு வந்தது. கழுத்து வலிக்கும் வரை நான் அண்ணாந்து நின்றேன். என் பக்கத்தில் நின்றவளும் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள் என்று எண்ணியிருந்தேன். எண்ணியதாகக்கூடச் சொல்ல முடியாது, வேறு விதமாக இருக்கக்கூடும் என்று தோன்றவே இல்லை. பல வாரங்களுக்குப் பிறகு ஒருநாள் அவள், "அந்தப் பட்டாம்பூச்சிக்கு ஏங்க எட்டுக் கால்?" என்று கேட்டாள். வெயிலில் நடந்து வந்ததில் அவளுக்குத் தலை சுற்றியிருக்கிறது. குனிந்துகொண்டால் சரியாகும் என்று குனிந்தவளின் கண்ணெதிரே, புத்தரின் சந்நிதியில் வைத்திருக்கும் பெரிய வெண்கலப் பூச்சாடியும் அதில் வந்து உட்கார்ந்தாற்போல வார்த்து அமைத்த ஒரு வண்ணத்துப்பூச்சியும் இருந்திருக்கின்றன. மயக்கம் தெளியும் வரை வேறெதையும் பார்க்க மனமின்றி அவள் அதன் கால்களை எண்ணியிருக்கிறாள். எட்டு. பின்னர் ஒரு புகைப்படத்தில் நானும் எண்ணிப் பார்த்தேன், எட்டுத்தான். உலகத்தின் மிகப் பெரிய வெண்கல விக்கிரகங்களுள் ஒன்றின் முன்னால் நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் நின்றோம். அவளுக்கு அந்த மண்டபம் ஒரு சாண் அளவுள்ள பூச்சியாகவே இருந்து முடிந்திருக்கிறது.

இதே இடத்தில்தான், 752ஆம் ஆண்டில், பார்வையைப் பலருக்குப் பகிர்ந்தளிக்க ஒரு முயற்சி நடந்தது என்பது என் கலக்கத்தை மேலும் வளர்த்துவிட்டது. விக்கிரகத்தை வார்த்து முடித்தாலும் கண் திறக்கும் வரை அதில் சாந்நித்தியம் இல்லை என்பது நம் ஆலயங்களிலும் வழங்கும் கொள்கை. நயனோன்மீலனம் செய்யும் ஸ்தபதியைக் கண்டவர்களுக்கு அதை விவரிக்க வேண்டியதில்லை. மகாபுத்தரை வார்க்க 743இல் ஆணையிட்ட ஷோமு மாமன்னர், கண் திறக்கும் நாளில் அரசைத் துறந்து மகளிடம் ஒப்புவித்திருந்தார், தேகமும் நலிந்திருந்தது. ஆகவே தூரிகையைப் பிடிக்கும் பொறுப்பு போதிசேனர் என்ற இந்தியத் துறவிக்கு வந்தது. 736இல் ஜப்பானில் கரையிறங்கிய அவரை, அவருடைய சீடர் இயற்றிய நினைவுக் கல்வெட்டு தென்னிந்தியப் பிராமணர் என்கிறது. மதுரைக்காரர் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். ஊர்ப்பற்று என்னையும் அந்தப் பக்கம் இழுக்கிறது என்றாலும், கல்வெட்டு சொல்லும் அளவோடு நிற்பதே முறை. என் மனத்தைப் பற்றியது தூரிகையைவிட அதில் கட்டியிருந்த கயிறு. நீலப் பட்டு நூலால் ஆன மிக நீண்ட கயிறு ஒன்றைத் தூரிகையில் பிணைத்து, கீழே கூடியிருந்தவர்கள் அதைக் கையில் பற்றிக்கொண்டார்கள். மேலே போதிசேனரின் கை அசைந்தபோது அந்த அசைவு கயிற்றின் வழியே இறங்கி அத்தனை கைகளுக்கும் சென்றது. அத்தனை பேரும் சேர்ந்து ஒரு கண்ணை எழுதினார்கள். ஷோமுவும் அவர் மனைவி கோம்யோவும் அங்கே இருந்தார்கள். பதினாயிரம் துறவிகள் கூடினார்கள் என்று அக்காலத்து அரச வரலாறு கூறுகிறது. தூரிகையும் கயிறும் இன்றளவும் பத்திரமாக இருக்கின்றன.

கயிற்றைப் பற்றியவர்கள் எதைப் பார்த்தார்கள்? மண்டபத்தின் தரையில், கூட்டத்துக்கு நடுவில் நின்ற ஒருவருக்குத் தூரிகையின் நுனி தெரிந்திருக்க நியாயமில்லை. தெரிந்ததெல்லாம் உள்ளங்கையில் ஊர்ந்த ஒரு சிறு அதிர்வு. அதுவும் அத்தனை நீளத்தில், அத்தனை கைகளைக் கடந்து வந்து சேர்ந்திருக்குமா என்பதே ஐயம். ஒருவேளை ஒன்றுமே வந்திராது. ஆனால் தாம் அந்தக் கண்ணை எழுதியவர்களில் ஒருவர் என்ற நிச்சயத்தோடு அவர் வீடு திரும்பியிருப்பார். சேர்ந்து செய்தோம் என்ற அந்த நிச்சயம் பொய்யா? கையில் கயிறு இருந்தது பிரத்தியட்சம். கயிற்றின் மறுமுனை தூரிகையில் இருந்ததும் பிரத்தியட்சம். நடுவில் என்ன நிகழ்ந்தது என்பதற்குத்தான் சாட்சி இல்லை. கணவன் மனைவிக்கு இடையே இருப்பதும் இப்படிப்பட்ட கயிறுதானோ என்று ஒரு சமயம் தோன்றுகிறது. மறு சமயம், ஆறுதலுக்காக மனம் தானே முறுக்கிக்கொள்ளும் கயிறு அது என்று தோன்றுகிறது.

அன்றி, அவர்கள் எழுதிய கண்ணும் இன்று இல்லை. 855இல் நிலநடுக்கத்தில் தலை கீழே விழுந்தது. 1180இல் தாய்ரா குலத்துப் படைகள் வைத்த தீயில் மண்டபம் எரிந்தது. 1185இல் துறவரசர் கோ-ஷிராகாவா அதே பழைய தூரிகையை எடுத்துவரச் செய்து, தாமே மேலேறிக் கண் எழுதினார். 1567இல் மறுபடியும் போர், மறுபடியும் தீ. அதற்குப் பின் அந்தப் புத்தர் நூறாண்டுகளுக்கு மேல் கூரையின்றி அமர்ந்திருந்தார். இடையில் எழுப்பிய தாற்காலிகக் கூரையையும் புயல் கொண்டுபோயிற்று. இப்போதுள்ள தலை 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வார்த்தது. கண் திறந்தது 1692இல். மண்டபம் முடிந்தது 1709இல், பழைய அகலத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்காக. போதிசேனரின் காலத்து வெண்கலம் அடிப்புறத்துத் தாமரை இதழ்களிலும் இங்குமங்கும் சில பகுதிகளிலும் எஞ்சியிருக்கிறது. ஆகவே, கயிற்றைப் பற்றியவர்கள் கண்ட முகத்தை நான் காணவில்லை. நான் கண்ட முகத்தை அவர்கள் காணவில்லை. இடம் மட்டும் ஒன்று. எல்லா ஆகஸ்டு மாதங்களின் உஷ்ணத்தையும், எல்லா ஜனவரிகளின் பனியையும் திறந்த வெளியில் வாங்கிக்கொண்டிருந்த அந்த நூறு ஆண்டுகளில் அவர் எதிரில் நின்று வணங்கியவர்கள் கண்டது இன்னொரு புத்தரை. எனக்கு அவர்களோடு ஏதோ உறவு இருப்பதாகத் தோன்றுகிறது. வெயிலில் நின்று பார்த்தவர்கள் அவர்கள்தாமே.

இன்னொருவரையும் நினைத்துக்கொள்கிறேன். சீனத்திலிருந்து ஐந்து முறை புறப்பட்டு, புயலாலும் தடையாலும் கரை சேர முடியாமல், ஆறாம் முறை வந்திறங்கிய கஞ்சின் என்ற வினயாசாரியர், அந்த அலைச்சலில் பார்வையை இழந்துவிட்டார் என்பது மரபு. 754இல் இதே மகாபுத்தர் மண்டபத்துக்கு முன்னால் மேடை அமைத்து, ஷோமுவுக்கும் கோம்யோவுக்கும் அவர் சீலம் அளித்தார். அத்தனை பேர் கூடிக் கண் திறந்த புத்தருக்கு எதிரில், கண்ணில்லாத ஒருவரிடம் அந்தத் தம்பதியர் தலை வணங்கி நின்ற காட்சியில் யார் யாரைப் பார்த்தார்கள்? சேர்ந்து பார்ப்பது என்பதற்குக் கண் அவசியந்தானா என்ற கேள்விவரை அது என்னைக் கொண்டுபோய் விடுகிறது. அதற்கு மேல் என்னால் செல்ல முடியவில்லை.

மண்டபத்தின் வெளித் தாழ்வாரத்தில், சிவப்புத் துணி போர்த்த ஒரு மர உருவம் அமர்ந்திருக்கிறது. பிண்டோல பாரத்துவாஜர், ஜப்பானியர் பின்ஸுரு என்பார்கள். நம் தேகத்தில் எங்கே நோவு உண்டோ அந்த இடத்தை அவர் மேனியில் தொட்டு, பிறகு நம்மைத் தொட்டுக்கொள்ள வேண்டும். என் மனைவி அவருடைய முழங்காலைத் தொட்டாள், தன் முழங்காலைத் தொட்டுக்கொண்டாள். எத்தனையோ பேர் தொட்டுத் தொட்டு மரம் அங்கே வழவழத்துப்போயிருந்தது. காலையிலிருந்து "இல்லைங்க, போலாம்" என்று அவள் சொல்லி வந்ததற்குப் பின்னால் இருந்த வலியின் ஸ்தானம் எனக்குத் தெரிந்தது அப்போதுதான், ஒரு மர உருவத்தின் வழியாக.

அதன் பின் நாங்கள் பனிக்கட்டி தின்னப் போனோம். நாராவில் ஹிமுரோ என்று ஒரு ஆலயம் உண்டு. குளிர்காலத்துப் பனிக்கட்டியைக் குழியில் சேமித்து, கோடையில் அரண்மனைக்கு அனுப்பிய பண்டை வழக்கத்தோடு பிறந்த தெய்வம் அங்கே குடிகொண்டிருக்கிறது. மே மாதத் திருவிழாவில் மீன்களை உள்ளே வைத்து உறைய வைத்த பனிக்கட்டித் தூண்களை நைவேத்தியமாக வைப்பார்களாம். 710 முதல் 784 வரை தலைநகராக இருந்த காலத்திலேயே இந்த ஊரின் பிரபுக்கள் கோடையில் பனிக்கட்டிக்கு ஏற்பாடு செய்துகொண்டார்கள் என்பதற்கு, மண்ணிலிருந்து தோண்டியெடுத்த மரப்பலகைக் கணக்குகள் சான்று. இன்று அந்த ஆலயத்தைச் சுற்றிலும், ஊர் முழுவதும், சீவிய பனிக்கட்டி விற்கும் கடைகள் நிறைந்திருக்கின்றன. எங்களுக்குக் கண்ணாடிக் கிண்ணத்தில் வந்தது: பஞ்சைவிட மெல்லியதாகச் சீவிய பனி, கோபுரமாகக் குவித்தது, உச்சியில் பசுந்தேயிலைப் பாகு, அடியில் இனிப்பிட்ட சிவப்புப் பயறு. கரண்டி பட்டதும் ஓசையின்றி அமுங்கிற்று. அவசரத்தில் இரண்டு வாய் அள்ளித் தின்றதும் புருவ மத்தியில் ஊசி பாய்ந்ததுபோல் வலித்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டேன். திறந்தபோது எதிரில் அவளும் கண்ணை மூடி நெற்றியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் பார்க்காத அந்த ஒரு கணத்தில் நாங்கள் இருவரும் நிச்சயமாக ஒரே அனுபவத்தில் இருந்தோம் என்று சத்தியம் செய்யத் தயாராக இருக்கிறேன். அன்றைய பகல் முழுவதிலும் வேறு எதைப் பற்றியும் அப்படிச் சத்தியம் செய்ய எனக்குத் துணிவில்லை.

மகாபுத்தர் மண்டபத்துக்குப் பின்னால், நடந்து போகும் தூரத்தில், ஷோசோயின் கருவூலம் இருக்கிறது. கட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, தூண்கள்மேல் தரையிலிருந்து உயர்த்திக் கட்டிய நீண்ட மரக் கட்டடம். வேலிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். உள்ளிருந்த பொருள்கள் வேறு கட்டடங்களுக்கு மாறிவிட்டன. காற்று உலர்ந்திருக்கும் இலையுதிர்காலத்தில் மட்டும் அவற்றில் சிலவற்றை நாராவின் தேசிய அருங்காட்சியகத்தில் காண்பிப்பார்கள். எங்களை வாட்டிய அந்த ஈர உஷ்ணத்தைப் பட்டும் காகிதமும் அரக்கும் ஆயிரத்திருநூறு கோடைகளாகத் தாங்கி வந்திருக்கின்றன. மூடிய மரப் பெட்டிகளுக்குள் ஈரம் அதிகம் ஏறாமலும் இறங்காமலும் இருந்ததே காரணம். 756இல் ஷோமு காலமானார். நாற்பத்தொன்பதாம் நாள், அவர் கையாண்ட பொருள்களையும் பிறவற்றையுமாக அறுநூறுக்கு மேற்பட்டவற்றைக் கோம்யோ மகாபுத்தருக்கு அர்ப்பணம் செய்தாள். அதுவே இந்தக் கருவூலத்தின் மூலம். அர்ப்பணப் பட்டியலோடு சேர்ந்த வாசகத்தில், இப்பொருள்கள் கண்ணில் படும்போதெல்லாம் நெஞ்சம் சிதைகிறது என்ற கருத்தை அவள் தெரிவித்திருக்கிறாள். இருவரும் 701ஆம் ஆண்டில் பிறந்தவர்கள். சிறு பிராயத்திலேயே மணந்தவர்கள். பிறந்து ஒரு வருஷம்கூட ஆகாத மகனை 728இல் பறிகொடுத்தவர்கள். 737இல் வைசூரி அவளுடைய நான்கு சகோதரர்களையும் கொண்டுபோயிற்று. அர்ப்பணம் செய்த பொருள்களில் செஞ்சந்தன மரத்தில் இழைத்த ஒரு கோ ஆட்டப் பலகை உண்டு. இருவர் எதிரெதிரே அமர்ந்து ஆடும் ஆட்டம் அது. வென்று எடுத்த காய்களை இட்டுவைக்க இரு பக்கத்திலும் ஒவ்வொரு இழுப்பறை. ஒரு பக்கத்து இழுப்பறையை இழுத்தால், பலகையின் உள்ளே ஒளித்து வைத்த பொறியினால் எதிர்ப்பக்கத்து இழுப்பறையும் தானே வெளியே வருகிறது. அதைச் செய்த கைவினைஞர் விளையாட்டாகச் செய்தாரோ, வேறு எதையேனும் மனத்தில் வைத்துச் செய்தாரோ. கணவன் இறந்த பின் அந்தப் பலகையைத் தனியே பார்த்துக்கொண்டிருக்க ஒரு பெண்ணால் முடியாமற்போனதில் எனக்கு வியப்பில்லை.

கடைசியாக நாங்கள் போனது ஷின்-யாகுஷி-ஜி. காசுகா ஆலயத்தின் கல்விளக்கு வரிசைகளை, நிழலுக்கு நன்றி சொல்லிக்கொண்டு, நின்று பார்க்கத் தெம்பின்றிக் கடந்து, தெற்கே குடியிருப்புத் தெருக்களின் வழியே இறங்கினோம். கணவன் நோயுற்றபோது 747இல் கோம்யோ கட்டுவித்த கோயில் என்பது மரபு. நோய் கண்ணோய் என்றும் சொல்கிறார்கள். உள்ளே வட்ட வடிவமான மேடையின் நடுவில் வைத்தியராஜனான பைஷஜ்யகுரு. அவரைச் சூழ்ந்து, களிமண்ணால் வனைந்த பன்னிரு சேனாபதிகள் வெளிப்புறம் நோக்கிக் காவல் நிற்கிறார்கள். அவர்களில் ஒருவர் வாயை அகலத் திறந்து, மயிர் தீச்சுடராக மேலெழ, எதையோ கண்டு கத்துகிறார். நடுவிலிருக்கும் புத்தரின் கண்களோ, மற்றப் புத்தர்களுக்குரிய பாதி மூடிய கண்கள் அல்ல. அகன்று, முழுவதும் விழித்தவை. மன்னரின் கண் குணமாக வேண்டும் என்பதற்காகவே அவ்வாறு செதுக்கினார்கள் என்று ஊரார் சொல்வதை நம்ப ஆசையாக இருக்கிறது. ஆனால் அந்த விக்கிரகம் தம்பதியர் இருவரும் மறைந்த பிறகு செய்ததாகவே கலை வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள். யாருடைய கண் மங்கியதோ அவர் காணாத கண்கள். என் மனைவி தன் பிறந்த ஆண்டுக்குரிய சேனாபதிக்கு முன்னால் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வெகுநேரம் நின்றாள். நான் எதிர்ப்புறத்தில் நின்றேன். எங்கள் நடுவில் மேடை இருந்தது. அவளுக்குத் தெரிந்தவர்கள் எனக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தவர்கள் அவளுக்குத் தெரியவில்லை.

ஊர் வந்த பிறகு, பழைய ஜப்பானியப் பாடல் தொகுதியான மன்யோஷூவின் எட்டாம் பகுதியில், கோம்யோ தன் கணவனுக்கு அனுப்பிய ஒரு சிறு பாடல் இருப்பதை அறிந்தேன். பொருள் இவ்வளவே: பனி பொழிகிறது, அவள் தனியே பார்க்கிறாள், அவரும் உடனிருந்து பார்த்திருந்தால் எவ்வளவு மகிழ்ச்சியாக இருக்கும் என்று எண்ணுகிறாள். கணவன் கண்ணுக்காகக் கோயில் எழுப்பியதாகச் சொல்லப்படுபவள், அவனோடு கண் திறப்பு விழாவில் நின்றவள், அவன் பொருள்களைக் காணப் பொறாமல் கொடுத்துவிட்டவள், சேர்ந்து பார்ப்பதைப் பற்றி எழுதியது, அது கைகூடாத ஒரு பொழுதில். என் சந்தேகத்துக்கு ராஜ சாட்சியம் கிடைத்துவிட்டது என்ற எண்ணத்தோடு இதை என் மனைவியிடம் சொன்னேன். அவள் சற்று யோசித்துவிட்டு, "சேர்ந்து பார்த்திருந்தா எழுதியிருக்கவே மாட்டாங்க. பக்கத்துல நிக்கிறவங்ககிட்ட பனி பெய்யுதுன்னு யாராச்சும் எழுதிக் குடுப்பாங்களா?" என்றாள்.

அதிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். அவள் சொல்வது சரியானால், வண்ணத்துப்பூச்சியை அவள் என்னிடம் சொன்னது நான் அதைப் பார்க்கவில்லை என்று அவளுக்குத் தெரிந்திருந்ததனால்தான். எனில், இருவரும் உள்ளபடியே சேர்ந்து கண்டவை எல்லாம் நாங்கள் பேசாமல் விட்டவற்றில் அல்லவா இருக்க வேண்டும்? உயர்த்திய கையின் வளைந்த விரலை அவளும் கண்டிருக்கலாம். கண்டதனாலேயே சொல்லாமல் இருக்கலாம். இதைத் தெரிந்துகொள்ளக் கேட்டாக வேண்டும். கேட்பதற்கு அந்த விரலை நான் வர்ணித்தாக வேண்டும்; வர்ணித்தவுடனே என் விரல் அவள் ஞாபகத்துக்குள் புகுந்துவிடும், பிறகு அவள் தானே கண்டது எது, என் வாயிலிருந்து கேட்டது எது என்று அவளாலேயே பிரிக்க முடியாது. இது வெறும் தர்க்கம் அன்று, எனக்கே நேர்ந்துகொண்டிருக்கிறது. இப்போது அந்த மண்டபத்தை நினைத்தால், முகத்துக்கும் கைக்கும் முன்பாகப் பூச்சாடியும் அதன்மேல் வெண்கலச் சிறகும் என் மனத்தில் வந்து நிற்கின்றன, நேரில் கண்டவை எவையும் அத்தனை துலக்கமாக வருவதில்லை. சென்ற வாரம் அவள், அந்தப் பூச்சாடி புத்தருக்கு எந்தப் பக்கத்தில் இருந்தது என்பது மறந்துவிட்டதென்று என்னிடம் கேட்டாள். இடப் பக்கம் என்று நான் தயங்காமல் சொன்னேன். அவளும் ஆமாம் என்று ஒப்புக்கொண்டாள்.